பொருளாதாரம் படிக்க இயற்பியல் எழுது

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு, எல்லோரும் சொல்கிற பெயரில் க்யூட், 2022இல் இளநிலைப் படிப்புகளுக்கு வந்தபோது ஒருவர் ஒன்பது பாடங்கள் வரை எழுதலாம் என்றார்கள். மறு ஆண்டு பத்து. 2024இல் ஆறு. 2025இல் ஐந்துக்கு வந்து நின்றது. மொழித்தாள், துறைப்பாடங்கள் (இயற்பியல், கணக்குப்பதிவியல் மாதிரிப் பள்ளிப் பாடங்கள்), பொதுத் திறன் தேர்வு எல்லாம் சேர்த்து அந்த ஐந்துக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். பத்து என்றிருந்தபோது பிள்ளைகள் பெரிதாக யோசித்ததில்லை. தெரிந்ததையெல்லாம் டிக் அடித்து வைத்துவிட்டு, பிற்பாடு மனசு மாறினால் அந்தத் தாளுக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். ஐந்து என்றான பிறகு ஒவ்வொரு டிக்கும் ஏதோ ஒரு படிப்பைத் திறக்கிறது, இன்னொன்றை மூடுகிறது. எது எதை மூடுகிறது என்று விண்ணப்பப் பக்கத்தில் எங்கும் எழுதியிருக்காது.

என் அண்ணன் மகள் திண்டுக்கல்லில் பிளஸ் டூ படித்தாள். முதல் குரூப்: இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல். எஞ்சினியரிங் வேண்டாம் என்று பத்தாம் வகுப்பிலேயே சொல்லிவிட்ட பெண். ஆனால் "கணக்கு நல்லா வருது, ஃபர்ஸ்ட் குரூப் எடுத்துக்கோ, அப்புறம் எதுக்கு வேணும்னாலும் மாறிக்கலாம்" என்று பள்ளியில் சொன்னதை நம்பி அதில் சேர்ந்தாள். தமிழ்நாட்டில் இது புதுக் கதை இல்லை. அவளுக்கு ஆசை பொருளாதாரத்தின் மேல், அதையும் தில்லியில் போய்ப் படிக்க வேண்டும். நான் வேலைக்காகப் பல வருடம் தில்லியில் இருந்தவள் என்பதால் இந்த விஷயத்தில் மட்டும் வீட்டில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு. அண்ணனுக்கு மதுரையைத் தாண்டி அனுப்ப மனசில்லை. அது வேறு பஞ்சாயத்து, அதை இங்கே இழுக்கவில்லை.

2025இல் க்யூட் விண்ணப்பம் மார்ச் 1 முதல் 24 வரை திறந்திருந்தது. தமிழ்நாட்டின் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. ஊரே பயமுறுத்தி வைத்திருக்கும் ஒரு பரீட்சையை எழுதிக்கொண்டே அடுத்த பரீட்சைக்கு என்ன பாடம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது? ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிடைத்த விடுமுறையில் அவள் போனில் ஒரு பட்டியல் அனுப்பினாள்: ஆங்கிலம், பொருளாதாரம், கணிதம், வணிகப் படிப்பு, பொதுத் திறன் தேர்வு.

"எகனாமிக்ஸ் படிக்கணும்னா எகனாமிக்ஸ் பேப்பர் எழுதணும்ல அத்தை?"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. அவள் ஊரில் ஒரு பயிற்சி மையத்திலும் இதையே சொல்லியிருக்கிறார்கள். பொருளாதாரத் தாளுக்குப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு "கிராஷ் கோர்ஸ்" நடத்துவதாகவும் பணம் கட்டச் சொல்லியும் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போதாததற்கு, தேர்வை நடத்தும் தேசியத் தேர்வு முகமை அந்த ஆண்டு ஒரு தாராளமும் காட்டியிருந்தது: பன்னிரண்டாம் வகுப்பில் படிக்காத பாடத்தையும் க்யூட்டில் எழுதலாம். விண்ணப்பத்தில் பொருளாதாரத்தை டிக் அடித்தால் அது மறுக்காது, எச்சரிக்கையும் தராது, பணத்தை வாங்கிக்கொள்ளும்.

எழுதவிடுவது தேர்வு முகமை. சேர்ப்பது பல்கலைக்கழகம். தில்லிப் பல்கலைக்கழகத்தின் விதி வேறு மாதிரி: பன்னிரண்டாம் வகுப்பில் படித்துத் தேறிய பாடங்களில்தான் க்யூட்டும் எழுதியிருக்க வேண்டும். ஆக, முதல் குரூப் பெண் பொருளாதாரத் தாளில் 250க்கு 250 வாங்கினாலும் அந்த மதிப்பெண் அங்கே கணக்கில் ஏறாது. அதே பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்குக் கேட்கப்படும் கூட்டணியைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஒரு மொழி, கணிதம், அப்புறம் துறைப்பாடப் பட்டியலிலிருந்து ஏதாவது இரண்டு. பொருளாதாரத் தாள் கட்டாயம் என்று எங்கேயும் இல்லை, கணிதம்தான் கட்டாயம். அந்த "ஏதாவது இரண்டு" இவளுக்கு இயற்பியலாக இருக்கலாம், வேதியியலாக இருக்கலாம், கணினி அறிவியலாகவும் இருக்கலாம்.

"அப்போ எகனாமிக்ஸ் சேர பிசிக்ஸ் எழுதணுமா?" என்று அவள் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆமாம், அதுதான்.

இதனால்தான் பாடப் பட்டியலிலிருந்து தொடங்காதே என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். எது ஸ்கோரிங், எது ஈஸி, போன வருடம் எதில் நிறையப் பேர் எடுத்தார்கள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு தாளில் படிப்புகளை எழுது. அதற்கு எதிரே அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தகுதிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கூட்டணி கேட்கிறார்கள் என்று எழுது. எழுதி முடித்தால் சில பாடங்கள் திரும்பத் திரும்ப வரும், சில ஒரே ஒரு இடத்தில் வரும். அடிக்கடி வருகிறவற்றுக்கு இடம் உறுதி. ஒரே ஒரு இடத்தில் வருவதற்கு, அந்த ஒரு படிப்பு அவ்வளவு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

அவளோடு அப்படித்தான் உட்கார்ந்தேன், வீடியோ காலில். அவள் பக்கம் வேதியியல் புத்தகம் திறந்து கிடந்தது, அடுத்த தேர்வு அதுதான்.

பொருளாதாரத்துக்கு மேலே சொன்ன கூட்டணி. பி.காம். ஆனர்ஸ் பற்றி அவள் யோசித்தே பார்க்கவில்லை, முதல் குரூப் பிள்ளைக்கு அது கிடைக்காது என்றே நினைத்திருந்தாள். ஒரு காலத்தில் அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. 2011இல் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி தன் முதல் கட்-ஆஃபை வெளியிட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படிக்காதவர்கள் பி.காம். ஆனர்ஸ் சேர 100 சதவீதம் வேண்டும் என்று கேட்டது. நாடு முழுக்க அதைப் பற்றிப் பேசினார்கள். இப்போது அந்தப் படிப்புக்கு இரண்டு வழி: ஒரு மொழியோடு கணக்குப்பதிவியலும் வேறு இரண்டு பாடங்களும், அல்லது ஒரு மொழியோடு கணிதமும் வேறு இரண்டு பாடங்களும். இரண்டாவது வழியில் இவள் தாராளமாக நுழையலாம். பி.எம்.எஸ். என்கிற மேலாண்மைப் படிப்புக்கு ஒரு மொழி, கணிதம், பொதுத் திறன் தேர்வு என்று மூன்றே தாள். இயற்பியல் ஆனர்ஸுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றின் கூட்டுத்தொகையை வைத்துத் தரவரிசை, மொழித்தாளில் குறைந்தபட்சம் தேறினால் போதும். அவளுக்கு அது வேண்டாம். வேண்டாம் என்று தெளிவாகத் தெரிந்ததே லாபம், வேதியியலுக்கு இருந்த ஒரே வலுவான காரணம் போய்விட்டது.

அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஜேஎன்யூல கொரியன் இருக்குல்ல அத்தை?" என்றாள். இருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கொரியமொழியில் பி.ஏ. ஆனர்ஸே உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணி வரை கொரியத் தொடர் பார்ப்பதற்குத் திட்டு வாங்கும் பெண், அதைப் பட்டப்படிப்பாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். நான் சிரிக்கவில்லை. மொழி படித்து நன்றாக வேலைக்குப் போனவர்களைத் தில்லியில் நிறையப் பார்த்திருக்கிறேன். பொருளாதாரம் கிடைக்காவிட்டால் இரண்டாவதாக இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டோம். அதற்கு வேண்டியது ஆங்கிலத் தாளும் பொதுத் திறன் தேர்வும்.

இங்கேதான் எங்களுக்கு உண்மையான சிக்கல் வந்தது: மொழி. இதைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் பேசுவதில்லை. மொழித்தாள் என்றாலே ஆங்கிலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். க்யூட்டில் பதின்மூன்று மொழித்தாள்கள் உண்டு, தமிழ் அவற்றில் ஒன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளுக்கு "பட்டியலில் உள்ள ஏதாவது ஒரு மொழி" என்றுதான் கேட்கிறார்கள். தமிழில் வாங்கும் 250க்கும் ஆங்கிலத்தில் வாங்கும் 250க்கும் மொத்தக் கூட்டலில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிற பிள்ளை பிளஸ் டூவில் தமிழும் ஆங்கிலமும் இரண்டுமே படித்திருக்கும், ஆகவே எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்த என் பழைய அண்டைவீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். திண்டுக்கல்லில் தெரியவில்லை.

தமிழ்த்தாள் என்றதும் செய்யுள், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம் என்று பயப்பட வேண்டாம். மொழித்தாள்கள் எல்லாவற்றுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். தகவல் பத்தி, கதைப் பத்தி, இலக்கியப் பத்தி என்று வாசித்துப் புரிந்துகொள்வது, சொல்வளம், பொருத்தமான சொல்லைத் தேர்வது, ஒத்த சொல், எதிர்ச்சொல், மாறிக் கிடக்கும் வாக்கியப் பகுதிகளை ஒழுங்குபடுத்துவது, இவ்வளவே. அறுபது நிமிடத்தில் ஐம்பது கேள்வி. சின்ன வயதிலிருந்து தமிழில் கதையும் வாரப் பத்திரிகையும் படித்த பிள்ளைக்கு இந்த வேகம் இயல்பாக வரும். அதே பிள்ளை ஆங்கிலப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும். தில்லியில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைகளோடு அவர்கள் மைதானத்தில் போய் மோதுவானேன் என்பது என் கட்சி.

ஆனால் தமிழை எடுத்தால் கொரியன் போய்விடும், ஆங்கில இலக்கியம் என்று நினைத்திருந்தால் அதுவும் போய்விடும். இரண்டு மொழியையும் எடுத்தால் ஐந்தில் இரண்டு காலி, மிச்சம் மூன்று. பொருளாதாரத்துக்குக் கணிதமும் இரண்டு துறைப்பாடமும் போட்டால் ஐந்தும் தீர்ந்தது. பொதுத் திறன் தேர்வுக்கு இடமில்லை, அதோடு பி.எம்.எஸ். போச்சு, அது இல்லாமல் ஆங்கிலம் மட்டும் இருந்தும் கொரியன் கிடைக்காது. சுற்றிச் சுற்றி எப்படிப் போட்டாலும் எங்கோ ஒன்று மூடியது.

இவள் விஷயத்தில் நான் ஆங்கிலம் என்றேன். எங்கள் குடும்பத்தில் தமிழ்ப் புத்தகம் படிப்பது நான் மட்டும்தான். இவள் படிப்பதெல்லாம் ஆங்கில நாவல், பார்ப்பதெல்லாம் ஆங்கில சப்டைட்டிலோடு. வாசிக்கும் வேகம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழித்தாளை எழுது. பள்ளியில் எதில் அதிக மதிப்பெண் வந்தது என்பது இதற்கு நல்ல அளவுகோல் இல்லை. பள்ளித் தேர்வு மனப்பாடத்தைச் சோதிக்கிறது, இது வேகத்தை.

அவளுடைய தோழி ஒருத்தி, அதே பள்ளியில் வணிகவியல் குரூப், தமிழ் வழி. கூடவே அவளுக்கும் பட்டியல் போட்டோம். அவளுக்கு ஒரே ஆசை, பி.காம். ஆனர்ஸ். வேறு ஊர், வேறு படிப்பு என்று எதுவும் இல்லை. அவளுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தமிழ் என்றேன். தமிழ், கணக்குப்பதிவியல், வணிகப் படிப்பு, பொருளாதாரம். நான்கு தாள், ஆயிரம் மதிப்பெண், முடிந்தது. துறைப்பாடங்களின் வினாத்தாளும் பதின்மூன்று மொழிகளில் வருகிறது, தமிழும் அதில் உண்டு. ஐந்தாவது இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. கட்டணத்தையும் பார்க்க வேண்டும்: அந்த ஆண்டு பொதுப் பிரிவுக்கு மூன்று தாள் வரை 1000 ரூபாய், அதற்கு மேல் தாளுக்கு 400.

அந்தப் பெண்ணின் பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. க்யூட்டின் துறைப்பாடங்கள், சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கிற என்சிஇஆர்டி புத்தகங்களின் பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டியவை. நம் சமச்சீர்ப் புத்தகத்தோடு அதை வைத்துப் பார்த்தால் பாடத்துக்குப் பாடம் இடைவெளி வேறுபடுகிறது. கணக்குப்பதிவியல்தான் மோசம். நம் பிளஸ் டூ புத்தகத்தில் முழுமைபெறா பதிவேடுகள், லாப நோக்கமற்ற அமைப்புகள், கூட்டாண்மை, நிறுமக் கணக்குகள், விகித ஆய்வு, டேலி என்று போகும். நிறுமக் கணக்கில் பங்கு வெளியீடு, ஒறுப்பிழப்பு, மறுவெளியீடு என்று பங்குகளோடு நின்றுவிடும். என்சிஇஆர்டியில் கடன் பத்திரங்கள் உண்டு, கூட்டாண்மைக் கலைப்பு உண்டு, ரொக்க ஓட்ட அறிக்கை உண்டு. இவை நம் பிள்ளைகள் பிளஸ் டூவில் கண்ணால் பார்த்திராத பாடங்கள். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் சதம் அடித்த பிள்ளையும் அந்தத் தாளில் சில கேள்விகளைப் பார்த்து விழிக்கும்.

வணிகவியல் பக்கம் நிலைமை பரவாயில்லை. மேலாண்மைக் கோட்பாடுகள், சந்தையியல், நிதிச் சந்தை, நுகர்வோர் பாதுகாப்பு எல்லாம் நம் புத்தகத்திலேயே இருக்கிறது. நம்முடையதில் கூடுதலாகச் சரக்கு விற்பனைச் சட்டமும் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் வேறு உண்டு, அவை இங்கே தேவைப்படாது. க்யூட்டில் வணிகவியல் என்ற பெயரில் தாள் இல்லை, வணிகப் படிப்பு என்றுதான் இருக்கும், தோழி அதைப் பார்த்துப் பதறிவிட்டாள். பொருளாதாரத்தில் இன்னொரு விசித்திரம். நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் பெரும்பாலும் பேரியல் பொருளாதாரம். க்யூட்டுக்கு நுண்ணியலும் வேண்டும். அது நம்மிடம் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது: நுகர்வுப் பகுப்பாய்வு, உற்பத்திப் பகுப்பாய்வு, அங்காடி அமைப்பு எல்லாம் அங்கேதான். சுதந்திரத்துக்குப் பின் இந்தியப் பொருளாதாரம் என்பதும் அதே புத்தகத்தில். பிளஸ் ஒன் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

முதல் குரூப்புக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தோம். இயற்பியல் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. நிலைமின்னியலில் தொடங்கிக் குறைகடத்தி வரை அதே வரிசை. வேதியியலில் கரைசல்களும் ஹேலோ ஆல்கேன்களும் நம்மிடம் பதினொன்றில் இருக்கின்றன. கணிதம் சிதறிக் கிடக்கிறது: அணிகளின் அடிப்படை, வகையிடல், பேயிஸ் தேற்றம் எல்லாம் பதினொன்றில், இன்வெர்ஸ் டிரிகனாமெட்ரி, வகைக்கெழுச் சமன்பாடு பன்னிரண்டில். லீனியர் புரோகிராமிங் முதல் குரூப் புத்தகம் எதிலுமே இல்லை, அதை வணிகக் கணிதம் எடுத்த பிள்ளைகள்தான் பிளஸ் ஒன்னில் படிக்கிறார்கள். நல்லவேளை, அது இரண்டு நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய சமாச்சாரம். அதே சமயம் நம் பிள்ளைகள் மாங்கு மாங்கென்று படிக்கும் கலப்பெண்களும் தனிநிலைக் கணிதமும் இந்தத் தாளில் வராது. கணினி அறிவியலில் பைத்தானும் எஸ்க்யூஎல்லும் நமக்குத் தெரிந்தவை. வலையமைப்பும் தரவுத் தொடர்பும் புதிது, ஆனால் படித்தால் புரிந்துவிடும் வகை.

தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரல் 11இல் க்யூட்டை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு என்சிஇஆர்டியை வைத்துத் தேர்வு வைப்பது அநியாயம் என்பதே அதன் சாரம். மேலே சொன்ன ரொக்க ஓட்ட அறிக்கையைப் பார்த்துவிட்டு அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வை 2006இல் சட்டம் போட்டு ஒழித்த மாநிலம் இது, அதன் பலனை என் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறேன். இன்னொரு பக்கம், க்யூட்டுக்கு முந்தைய கட்-ஆஃப் காலமும் சொர்க்கமில்லை. 2021இல் தில்லி இந்து கல்லூரியில் அரசியல் அறிவியல் படிப்பின் பொதுப் பிரிவு இருபது இடங்களுக்கு, நூறு சதவீதம் வைத்திருந்த நூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்து சேர்ந்தார்கள், பெரும்பாலும் கேரள வாரியத்துப் பிள்ளைகள். ஒரு பேராசிரியர் அதைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசி வம்பானது. தாராளமாக மதிப்பெண் போடும் வாரியத்துப் பிள்ளைக்கு இடம், கறாரான வாரியத்துப் பிள்ளைக்கு இல்லை என்ற நிலைமையும் சரியில்லைதான். இந்த வழக்கு தீரும்வரை அண்ணன் மகள் காத்திருக்க முடியாது. மார்ச் 24க்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.

இடங்களை ஒதுக்கும்போது மதிப்பெண் கணக்கையும் மனதில் வைக்க வேண்டும். 2025இலிருந்து ஐம்பது கேள்வியும் கட்டாயம். அதற்கு முன் பல தாள்களில் ஐம்பதில் நாற்பது எழுதினால் போதும் என்றிருந்தது. சரியான விடைக்கு ஐந்து, தவறுக்கு ஒன்று கழிக்கிறார்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால்கூடச் சராசரியாக அரை மதிப்பெண் கூடத்தான் செய்யும். ஒரு விடையை அடித்துவிட்டு மிச்ச மூன்றில் யூகித்தால் ஒரு மதிப்பெண். நீட்டில் சரிக்கு நான்கு, தவறுக்கு ஒன்று என்ற கணக்கில் பழகிய பிள்ளைகள் பயந்து வெற்றாக விட்டு வருகிறார்கள். இங்கே பயம் நஷ்டம்.

ஆனால் நான்கு தாளையும் அப்படியே கூட்டுகிறார்கள் என்பதால், பலவீனமான தாள்தான் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும். மூன்றில் 230 வாங்கி ஒன்றில் 140 வாங்கியவளைவிட, நான்கிலும் 215 வாங்கியவள் மேலே போய்விடுவாள். அதனால் "எனக்கு மிகவும் பிடித்த பாடம்" என்று தேடுவதை நிறுத்திவிட்டு, மோசமான நாளில்கூட எது கைவிடாது என்று பார்க்கச் சொன்னேன். அவளுக்குக் கணினி அறிவியல் பிடிக்கும், வேதியியலில் மதிப்பெண் ஏறி இறங்கும். கரிம வேதியியல் வந்தால் அவளுக்கு ஜுரம் வரும். வேதியியலை அடித்தோம்.

பொதுத் திறன் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. நடப்பு நிகழ்வு, பொது அறிவு, எண் திறன், தர்க்கம் எல்லாம் கலந்து வரும். "எதுக்கும் ஒன்னு போட்டு வை" என்று இதைத்தான் முதலில் சேர்க்கச் சொல்கிறார்கள், இதற்குப் பாடப்புத்தகம் இல்லாததால் படிக்க வேண்டாம் என்ற நினைப்பு. பாடப்புத்தகம் இல்லாத தாளுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் படிக்க வேண்டியிருக்கும். உங்கள் படிப்புப் பட்டியலில் அதைக் கேட்கும் படிப்பு ஒன்றாவது இருந்தால் எடுங்கள். தோழிக்கு அது வேண்டாம். இவளுக்கு பி.எம்.எஸ்.ஸும் கொரியனும் அதைக் கேட்டன, எடுத்தோம்.

கடைசியில் வந்த பட்டியல்: ஆங்கிலம், கணிதம், இயற்பியல், கணினி அறிவியல், பொதுத் திறன் தேர்வு. முதலில் அவள் அனுப்பியதோடு ஒப்பிட்டால் இரண்டு பாடம்தான் மாறியது. பொருளாதாரமும் வணிகப் படிப்பும் போய், இயற்பியலும் கணினியும் வந்தன. பயிற்சி மையத்துத் தாள் குப்பைக்கூடைக்குப் போனது. அண்ணனுக்கு மட்டும் கடைசி வரை புரியவில்லை. "எகனாமிக்ஸ்னு சொல்லிட்டு பிசிக்ஸ் எழுதுறா, உங்க அத்தை குழப்பி விட்டுட்டா" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பாடத் தேர்வோடு சேர்த்துக் கவனிக்க வேண்டிய ஒன்று சாதிச் சான்றிதழ். நம் ஊரில் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் தில்லியில் செல்லாது. மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், கிரீமி லேயரில், அதாவது வசதியானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிரிவில், வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டுக்குரிய சான்றிதழ் வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூலையில் ஓடினால் தாசில்தார் அலுவலகத்தில் எல்லோரும் அதற்குத்தான் நிற்பார்கள்.

அப்புறம், க்யூட் எழுதினால் இடம் தானாக வந்துவிடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்துக்கு சிஎஸ்ஏஎஸ் என்று தனித் தளம், தனிக் கட்டணம். க்யூட் முடிவு வந்த பிறகு எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்று விருப்ப வரிசை போட வேண்டும். மேலே இருப்பது முதலில் பார்க்கப்படும், ஆகவே கிடைக்காது என்று தோன்றுவதையும் தயங்காமல் மேலே போடலாம். மதிப்பெண் சமமாக வந்தால்தான் பிளஸ் டூ மதிப்பெண்ணை எடுத்துப் பார்ப்பார்கள். தோழி தேர்வை நன்றாக எழுதிவிட்டு, இந்தப் பதிவைப் பற்றி யாரும் சொல்லாததால் சும்மா இருந்திருக்கிறாள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் இவள் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லாத வீட்டில், போன் வெளிச்சத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விருப்பங்களை நிரப்பினார்கள். அதில் இவளுடைய வரிசையில் பி.காம். மூன்றாவது இடத்தில் இருந்ததை நான் பிற்பாடுதான் பார்த்தேன். பொருளாதாரம் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அதை எப்போது மேலே ஏற்றினாள் என்று கேட்டதற்கு, "கணக்கு எழுதுறதும் நல்லாத்தான் இருக்கும்போல அத்தை, அவ புக்கைப் பார்த்தேன்" என்றாள்.